டெக்சஸ் ரியல் எஸ்டேட் உரிமமும் எஃப்.என்.யூ. என்ற நானும்

என் டெக்சஸ் ஓட்டுநர் உரிமத்தில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று இருக்கிறது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு ஒற்றைப் பெயரோடு வளர்ந்து, அதே ஒற்றைப் பெயரோடு கடவுச்சீட்டு எடுத்து, இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த பலருக்கும் நேர்ந்ததுதான் இது. இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போய்விடும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் மற்ற கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வங்கியிலும் மருத்துவமனையிலும் அது வெறும் வேடிக்கைதான். 2022-இல் டெக்சஸ் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் விற்பனை ஏஜென்ட் உரிமத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. தேர்வுக் கூடத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், எஃப்.என்.யூ. என்றே விண்ணப்பித்தேன், எஃப்.என்.யூ. என்றே தேறினேன். உரிமத்தில் உள்ள பெயரில்தான் விளம்பரம் செய்யலாம், வேறு பெயர் வேண்டுமென்றால் அதை முதலில் ஆணையத்தில் பதிய வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவு முடியும்வரை நான் விசிட்டிங் கார்டு அடிக்கவில்லை.

கோயிலிலும் பிள்ளைகளின் பாட்டு வகுப்பு வாசலிலும் என்னைப் பார்க்கும் பெண்களில் பத்துக்கு ஆறு பேர், “மூணு மாசத்துல லைசென்ஸ் வாங்கிடலாமாமே அக்கா?” என்று கேட்கிறார்கள். வாங்கிவிடலாம். நானும் ஏறக்குறைய அவ்வளவு காலத்தில்தான் வாங்கினேன். ஆனால் அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: வாங்கிய பிறகு அதை வைத்துக்கொள்வது எப்படி? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

முதலில் விசா. ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவராக ஹெச்-4 விசாவில் இருக்கும் கணவன் அல்லது மனைவிகளில், கிரீன் கார்டு வரிசையில் துணைவரின் மனு ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு 2015 முதல் வேலை அனுமதி அட்டை கிடைக்கிறது. என் தொடக்கமும் அந்த அட்டைதான். ஹெச்-1பி-யில் இருப்பவர் ஓய்வு நேரத்தில் பாடம் படிக்கலாம், தேர்வும் எழுதலாம். ஆனால் வீடு காட்டிக் கமிஷன் வாங்கினால் அது விசா விதியை மீறுவதாகும். “சனி ஞாயிறு மட்டும்தானே” என்ற சமாதானம் குடியேற்றத் துறையிடம் எடுபடாது.

ஆணையம் கேட்பது மொத்தம் 180 மணி நேரப் பாடம், ஒவ்வொன்றும் 30 மணி நேரமாக ஆறு. அடிப்படைகள் இரண்டு பகுதி, முகமைச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், ஆணையம் வகுத்த ஒப்பந்தப் படிவங்கள், வீட்டுக்கடன் நிதி. ஆறையும் இணையவழியில், பிள்ளைகள் உறங்கிய பிறகு, சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தேன். கணக்குப் பகுதியில் ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்ற எண் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடன் படித்தவர்கள் அதை மனப்பாடம் செய்ய ஆங்கிலத்தில் ஏதேதோ வாய்பாடு உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். சென்ட் ஒன்றுக்கு 435.6 சதுர அடி என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து நிலக்கணக்குப் போடுவதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அதை நூறால் பெருக்குவது ஒரு வேலையா? அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்குக் கணக்கில் சந்தோஷம், தொழிலில் சந்தேகம். “தரகு பாக்குறதுக்கா இவ்வளவு படிப்பு?” என்றார். இந்தியாவிலும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னேன்; அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் அறிந்த தரகர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரு தரப்பிலும் இரண்டு சதவீதம் வாங்குகிறவர்.

அந்த இரு தரப்பு விஷயத்தில்தான் முகமைச் சட்டப் பாடம் என் தலையில் முதன்முதலாகக் குட்டியது. வாங்குபவருக்காகப் போகிறவர் விற்பவரிடம் தன் ஆளின் உச்ச விலையைச் சொல்லக் கூடாது. ஒரே புரோக்கர் நிறுவனம் இரு தரப்புக்கும் நிற்க நேர்ந்தால், இருவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு நடுவராக நிற்க வேண்டும். அப்போது அந்த நடுவர் ஒரு தரப்புக்குச் சாதகமாக நடந்துகொள்வது விதிமீறல். ஊரில் கெட்டிக்காரத் தரகரின் திறமை என்று நாம் எதைப் பாராட்டுகிறோமோ, அதில் பாதிக்கு மேல் இங்கே உரிமத்தைப் பறிக்கக் காரணமாகும்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேள்விகளை வெளியே சொல்லவும் கூடாது. பியர்சன் வியூ மையத்தில் நடக்கிறது, நான் எழுதியபோது கட்டணம் 43 டாலர். தேசியப் பகுதி, மாநிலப் பகுதி என்று இரண்டு. இரண்டிலும் 70 சதவீதம் வேண்டும். ஒன்றில் மட்டும் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். மூன்று முறை தவறினால் தவறிய பகுதிக்கு மேலும் 30 மணி நேரம் படித்துவிட்டு வர வேண்டும். பலர் தடுக்கி விழுவது மாநிலப் பகுதியில். டெக்சஸின் சில சட்டங்கள் ஸ்பானிய ஆட்சிக் காலத்தின் வழிவந்தவை. திருமணத்துக்குப் பின் சம்பாதித்த சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது என்பது அவற்றில் ஒன்று. குடும்பம் குடியிருக்கும் வீடு பத்திரத்தில் கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும் மனைவியின் கையெழுத்து இல்லாமல் அதை விற்க முடியாது. இதைப் படித்த இரவு என் கணவரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கைரேகையும் கொடுக்க வேண்டும். குடியேற்றத் துறைக்கு எத்தனை முறை கொடுத்திருந்தாலும் அது இதற்குச் செல்லாது.

தேறியதும் உரிமம் வந்தது, செயல்படாத நிலையில். இதுவும் பலருக்குத் தெரியாத செய்தி. இந்த மாநிலத்தில் ஏஜென்ட் தனியாக நிற்க முடியாது. உரிமம் பெற்ற புரோக்கர் ஒருவர் பொறுப்பேற்றால்தான் உரிமம் உயிர் பெறும். கமிஷனும் அவர் கை வழியாகத்தான் வர வேண்டும். வாடிக்கையாளர் அன்போடு நேரே என் பெயருக்குக் காசோலை எழுதினால் நான் அதைத் தொடக் கூடாது. எத்தனை சதவீதம் பங்கு, மாதக் கட்டணம் உண்டா, பயிற்சி தருவார்களா என்றுதான் எல்லோரும் புரோக்கரிடம் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அவருடைய உரிமம் எப்போது காலாவதியாகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

2023 வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் காலை ஃபிரிஸ்கோவில் ஓர் இளம் தம்பதிக்கு மூன்று வீடுகள் காட்ட ஏற்பாடு. வேறொரு காரியமாக ஆணையத்தின் இணையதளத்தில் என் பெயரைத் தேடியபோது, நிலை என்ற வரியில் ‘செயல்பாட்டில் இல்லை’ என்று இருந்தது. நான் எந்தத் தவறும் செய்யவில்லை, என் தேதிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. புரோக்கர் தன் உரிமத்தைப் புதுப்பிக்க மறந்திருந்தார். அவருடையது காலாவதியான நொடியில் அவர் பொறுப்பில் இருந்த எங்கள் எல்லோருடைய உரிமமும் செயலிழந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு அழைத்தேன். அவர் பதறவே இல்லை. திங்கட்கிழமை சரியாகிவிடும், நீங்கள் போய் வீட்டைக் காட்டுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்குத் தெரியுமே. செயல்படாத உரிமத்தோடு வீடு காட்டுவது உரிமமே இல்லாமல் தொழில் செய்வதற்குச் சமம். வேறு நிறுவனத்தில் இருந்த ஒரு தோழியை அழைத்து அந்தத் தம்பதியை ஒப்படைத்தேன். பரிந்துரைக்கான பங்கும் கேட்க முடியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் சட்டத்தின் கண்ணில் நான் ஏஜென்டே இல்லை. அவர்கள் இரண்டாவதாகப் பார்த்த வீட்டையே வாங்கினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் அழைத்தார்கள். போய்ப் பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரமே புரோக்கரை மாற்றினேன். புதியவரிடம் நான் முதலில் பார்த்தது அவருடைய காலாவதி தேதியை; அது இப்போது என் கைப்பேசி நாட்காட்டியில், என் தேதிக்கு மேலே இருக்கிறது.

படிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வீட்டு ஒப்பந்தத்தை ஏஜென்ட் எழுதுவதில்லை, ஆணையம் அச்சிட்ட படிவத்தில் கோடிட்ட இடங்களை நிரப்புகிறார். வழக்கறிஞர் அல்லாதவர் சட்ட வாசகம் எழுதினால் அது உரிமமின்றி வழக்கறிஞர் தொழில் செய்வதாகும். படிவத்தில் பதினொன்றாம் பத்தி, சிறப்பு நிபந்தனைகள் என்று சில வெற்றுக் கோடுகளோடு இருக்கும். அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும். ஒருவர், “என் விசா நீட்டிப்பு மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்பட வேண்டும்னு ஒரு வரி போட்டுடுங்க மேடம், அவ்வளவுதான்” என்றார். அவருடைய பயம் நியாயமானது, அந்தப் பயத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவள் நான். ஆனாலும் அந்த ஒரு வரி ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை உண்டாக்குகிற சட்ட வாசகம். அதை எழுதும் அதிகாரம் எனக்கில்லை. வழக்கறிஞரிடம் போகச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை, பிறகு வழக்கறிஞரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். என்னால் செய்ய முடிந்தது, விலக்குக் கட்டணம் கட்டி எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமை நாட்களைப் பற்றி விளக்குவதும், கடைசி நாளில் மாலை 5 மணிக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று நினைவூட்டுவதும்தான். ஐந்து மணி என்றால் ஐந்து மணி. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு முன்பணம் கேள்விக்குறியாகிவிடும்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகக் கடினமாக இருந்ததும் இன்னும் இருப்பதும் இன்னொன்று. காரில் ஏறிய பத்து நிமிடத்துக்குள் ஏறக்குறைய எல்லாத் தமிழ்க் குடும்பமும் கேட்கும் கேள்வி: “இந்த ஏரியால நம்ம ஆளுங்க இருக்காங்களா?” கேட்பதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்க ஓர் ஆள், பாட்டிக்குப் பேச்சுத் துணை, நவராத்திரிக்குக் கொலு பார்க்க நான்கு வீடு, இவ்வளவுதான் அவர்கள் மனதில் இருப்பது. ஆனால் 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் கொண்டு யாரையும் ஒரு பகுதியை நோக்கித் தள்ளுவதையும் ஒரு பகுதியிலிருந்து விலக்குவதையும் தடுக்கிறது. 1974-இல் பாலினமும், 1988-இல் மாற்றுத்திறனும் குழந்தைகள் உள்ள குடும்பம் என்ற நிலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. வெள்ளையர் பகுதிகளில் கறுப்பின மக்களுக்கு வீடே காட்டாமல் ஏஜென்ட்கள் திருப்பியனுப்பிய காலத்தின் காயத்திலிருந்து பிறந்த சட்டம் அது. நம் ஆட்களுக்கு நம் ஆள் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் சட்டத்தின் முன் அது அதே செயல்தான்.

அதனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. முதல் ஆண்டில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன். “என்ன அக்கா, நம்மகிட்டயே மறைக்கிறீங்க” என்று ஒருவர் மனம் வருந்தியும் இருக்கிறார். இப்போது, “அதை நான் சொன்னால் என் லைசென்ஸ் போய்விடும், மாலை ஆறு மணிக்கு இதே தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள்” என்கிறேன். பள்ளி எப்படி என்று கேட்டால் மாநிலக் கல்வித் துறையின் தரவரிசைப் பக்கத்தைக் காட்டுகிறேன்; பாதுகாப்பான இடமா என்று கேட்டால் அந்த நகரக் காவல்துறையின் தகவல்களைப் பார்க்கச் சொல்கிறேன். கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்பவருக்கு மட்டும் தயங்காமல் தேடித் தருகிறேன். அது வீட்டின் திசை, பக்கத்து வீட்டுக்காரரின் பிறப்பு அல்ல.

வாடகைக்கு விடுபவர்களிடம் இது இன்னும் சிக்கலாகும். “தமிழ்க் குடும்பம் மட்டும், சின்னப் பிள்ளைகள் வேண்டாம்” என்று விளம்பரம் போடச் சொன்ன வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அந்த ஒரு வரியில் சட்டம் தடுக்கும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன என்று சொன்னபோது, “என் வீடு, என் இஷ்டம் இல்லையாம்மா?” என்றார். வாடகைதாரரின் வருமானத்தையும் கடன் வரலாற்றையும் எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் பாருங்கள், அந்த வரியை மட்டும் நான் போட மாட்டேன் என்றேன். அந்த வேலையை அவர் எனக்குத் தரவில்லை.

நண்பர்கள் வழியாக வரும் தொல்லையும் உண்டு. தன் மைத்துனரை என்னிடம் அனுப்பிய ஒருவர், வீடு முடிந்ததும் தன் ‘பங்கு’ எப்போது வரும் என்று விசாரித்தார். உரிமம் இல்லாதவருக்குக் கமிஷனில் ஒரு காசும் தரக் கூடாது. 50 டாலருக்கு மேல் பெறுமானமுள்ள பரிசுப் பொருள்கூட இங்கே ஊதியமாகவே கருதப்படும். ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தேன். அவர் எதிர்பார்த்தது அதுவல்ல என்பது வாங்கிய விதத்திலேயே தெரிந்தது. ஆனால் என் பங்கிலிருந்து வாடிக்கையாளருக்கே ஒரு பகுதியைத் திருப்பித் தருவதை, உரிய சம்மதமும் புரோக்கரின் ஒப்புதலும் இருந்தால், டெக்சஸ் அனுமதிக்கிறது. நம்மவர்கள் வீட்டைக் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்பார்கள், “எவ்ளோ ரிபேட் தருவீங்க?” அமெரிக்க ஏஜென்ட்களின் அமைப்பான தேசிய ரியல்டர் சங்கம் கமிஷன் வழக்கில் செய்துகொண்ட சமரசத்துக்குப் பின், 2024 ஆகஸ்ட் 17 முதல், வீடு காட்டுவதற்கு முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று, டெக்சஸ் அதைத் தன் சட்டத்திலேயே எழுதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. “தெரிஞ்சவங்களுக்குள்ள எதுக்குக் கையெழுத்து?” என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. எனக்கு அதில் நிம்மதிதான்.

இனி புதுப்பித்தல். உரிமம் இரண்டு ஆண்டுகளுக்கு. முதல் புதுப்பித்தலுக்கு முன் மேலும் மூன்று பாடங்களாக 90 மணி நேரமும், அதோடு சட்டப் புதுப்பிப்பு என்ற பெயரில் 8 மணி நேரமும் முடிக்க வேண்டும். கட்டணம் கட்டித் தள்ளிப்போடும் வசதி இந்த முதல் சுற்றுக்குக் கிடையாது. இதை அறியாமல், உரிமம் கிடைத்ததும் படிப்பு முடிந்தது என்று புத்தகத்தை மூடிவைத்த இருவர் எனக்குத் தெரிந்தே கடைசி மாதத்தில் தவித்தார்கள். நான் மூன்று பாடங்களையும் எட்டு மாதங்களுக்கு ஒன்று என்று பரப்பிக்கொண்டேன், அதுவும் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்ட பூனை என்பதால். அதன் பிறகு ஒவ்வோர் இரண்டு ஆண்டுக்கும் 18 மணி நேரம் போதும். அதில் 8 மணி நேரம் சட்டப் புதுப்பிப்பு. அந்த எட்டு மணி நேரத்தைப் பலர் பின்னணியில் ஓடவிட்டுச் சமைப்பார்கள். நான் உட்கார்ந்தே கேட்கிறேன், ஏனென்றால் அந்த வகுப்பில் உதாரணமாக வரும் தண்டனை வழக்குகள் பெரும்பாலும் மோசடிக்காரர்களுடையவை அல்ல; படிவத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதியவர், புரோக்கர் பெயரை விளம்பரத்தில் பொடி எழுத்தில் போட்டவர் என்று என்னைப் போன்றவர்களுடையவை. புரோக்கரின் பெயர் விளம்பரத்தில் ஏஜென்டின் பெயர் அல்லது தொடர்பு விவரங்களில் பெரிதாக உள்ளதன் பாதி அளவாவது இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பொங்கல் வாழ்த்தில் என் தொழில் படம் இருந்தால் அதையும் அளந்துதான் போடுகிறேன். வீடு மாறினாலோ மின்னஞ்சல் மாறினாலோ பத்து நாளில் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு என் இரண்டாவது புதுப்பித்தல். பதினெட்டில் பதினான்கு மணி நேரம் முடிந்துவிட்டது, பாடம் நடத்தியவர்கள் அதை ஆணையத்துக்கு அனுப்பிவிட்டார்களா என்று நேற்றிரவு இணையதளத்தில் பார்த்தேன். அனுப்பியிருந்தார்கள். நிலை என்ற வரியில் ‘செயல்பாட்டில் உள்ளது’ என்று இருந்தது. அப்படியே புரோக்கரின் பெயரையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.